சிகாகோ எக்ஸ்பிரஸில் இன்னொரு ரயில் நிறுவனத்தைச் சேர்த்தால் ஆட்டம் எப்படி மாறும்?

கேள்வி இது: சிகாகோ எக்ஸ்பிரஸ் என்ற ரயில் பலகை ஆட்டத்தின் அடிப்படை வடிவம் நன்றாகக் கைவந்த ஒரு குழு, ஈரி ரயில் நிறுவனத்தையும் குறுகிய பாதை (தண்டவாளங்களுக்கு இடையே அகலம் குறைந்த) ரயில்களையும் சேர்க்கும் விரிவாக்கத்தை மேசைக்குக் கொண்டுவரலாமா, கொண்டுவந்தால் ஆட்டத்தின் சமநிலை கெட்டுவிடுமா? கொண்டுவரலாம் என்பதே என் விடை. சமநிலை கெடாது, ஆனால் வேறோர் இடத்தில் போய் நிற்கும். அந்த இடம் எது என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்காத குழுவுக்கு, நன்றாக இருந்த ஆட்டத்தை யாரோ தளர்த்திவிட்டதைப் போலத் தோன்றும். எனவே விரிவாக்கத்தைப் பற்றிப் பேசும் முன், அடிப்படை ஆட்டம் எதனால் இறுக்கமாக இருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

ஹாரி வூ வடிவமைத்த இந்த ஆட்டம் 2007-இல் வின்சம் கேம்ஸ் வெளியீடாக, வாபாஷ் கேனன்பால் என்ற பெயரில் வந்தது. பின்னர் குவீன் கேம்ஸ் அதை அழகான பெட்டியில் சிகாகோ எக்ஸ்பிரஸ் என்று மறுபதிப்புச் செய்தது. பென்சில்வேனியா, பால்டிமோர் அண்ட் ஒஹாயோ, செசபீக் அண்ட் ஒஹாயோ, நியூயார்க் சென்ட்ரல் ஆகிய நான்கு நிறுவனங்கள் கிழக்குக் கரையிலிருந்து சிகாகோவை நோக்கிப் பாதை அமைக்கின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்று சிகாகோவை எட்டும்போது வாபாஷ் என்ற ஐந்தாவது நிறுவனம் உயிர்பெறுகிறது. ஆடுபவர் தம் முறை வரும்போது ஒரு பங்கை ஏலத்துக்கு விடலாம், தாம் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் பாதையை நீட்டலாம், அல்லது வரைபடத்தின் ஓர் இடத்தை மேம்படுத்தி வருமானத்தைக் கூட்டலாம். இந்த மூன்று செயல்களுக்கும் தனித்தனி டயல்கள் உண்டு; ஒரு செயலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் டயல் நகரும். அவற்றில் இரண்டு எல்லையைத் தொட்டதும் ஈவுத்தொகை வழங்கப்படும். கடைசியில் கையில் அதிகப் பணம் வைத்திருப்பவரே வெல்கிறார். அப்போது பங்குகளுக்கு எந்த மதிப்பும் இல்லை.

விதிகள் இவ்வளவு எளியவையாக இருந்தும் ஆட்டம் கூர்மையாக இருப்பதற்குப் பணத்தின் பற்றாக்குறையே முதற்காரணம். தொடக்கத்தில் மேசையில் இருக்கும் மொத்தப் பணம் 120 டாலர். மூவர் ஆடினால் ஆளுக்கு 40, நால்வர் ஆடினால் 30, ஐவர் ஆடினால் 24, அறுவர் ஆடினால் 20 என்று அது பிரிகிறது. பங்கு வாங்கக் கொடுத்த பணம் அந்த நிறுவனத்தின் இருப்புக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து பாதை அமைக்கும் செலவாக வங்கிக்குப் போகிறது. நிறுவனத்தின் இருப்பிலிருந்து ஆடுபவரின் கைக்குத் திரும்பிவரும் வழி எதுவும் இல்லை. கைக்குப் புதுப் பணம் வருவது ஈவுத்தொகையின் வழியே மட்டும்தான், அதையும் வங்கியே தருகிறது. ஆகவே முதல் ஏலத்தில் கொடுத்த ஒவ்வொரு டாலரும் கையைவிட்டுப் போன டாலர்; அது எத்தனை ஈவுத்தொகைகளில் திரும்பும் என்பதே இந்த ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கு.

இரண்டாவது காரணம் பங்கு நீர்த்தல். நிறுவனத்தின் வருமானத்தை இதுவரை விற்ற பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, மேல்நோக்கி முழுமையாக்கி, ஒவ்வொரு பங்குக்கும் வழங்குகிறார்கள். ஒரு நிறுவனத்தின் வருமானம் 10, விற்ற பங்குகள் 2, அவற்றில் ஒன்று உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் உங்களுக்கு 5 வரும். இப்போது வேறொருவர் மூன்றாவது பங்கை ஏலத்துக்கு விடுகிறார். அந்த நிறுவனத்தில் பங்கே இல்லாதவரும் இதைச் செய்யலாம் என்பது இந்த ஆட்டத்தின் மிகக் கூரிய விதி. அந்தப் பங்கை வெளியார் ஒருவர் வாங்கினால் ஈவுத்தொகை 4 ஆகிவிடும். நீங்களே வாங்கினால் இரண்டு பங்குகளுக்கு 8 கிடைக்கும். பலர் 5-ஐயும் 8-ஐயும் ஒப்பிட்டு, இந்தப் பங்கு தமக்கு 3 மட்டுமே கூட்டித் தரும் என்று கணக்கிட்டு, விரைவில் ஏலத்திலிருந்து விலகிவிடுகிறார்கள். பங்கு ஏலத்துக்கு வந்தபின் எப்படியும் யாரோ ஒருவர் அதை வாங்கத்தான் போகிறார் என்றால், ஒப்பிட வேண்டியவை 4-ம் 8-ம். அப்போது அந்தப் பங்கு உங்களுக்கும் வெளியாருக்கும் சரியாக ஒரே அளவு, அதாவது 4 பெறும். இதற்கு மேல், ஏலத்தில் சேரும் தொகை அந்த நிறுவனத்தின் இருப்பில் ஏறுவதால் உங்கள் பழைய பங்கின் வருங்கால வருமானமும் உயரக்கூடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம் கூட்டணி. ஒரே நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கும் இருவர், பேச்சுவார்த்தை எதுவும் இல்லாமலே ஒரே பக்கம் நிற்கிறார்கள். ஒருவர் பாதையை நீட்டினால் மற்றவரும் பயனடைகிறார். பென்சில்வேனியாவுக்கு 3 பங்குகளும் நியூயார்க் சென்ட்ரலுக்கு 6 பங்குகளும் இருப்பது இதற்காகத்தான். பென்சில்வேனியாவின் ஒரு பங்கு எவ்வளவு நீர்த்தாலும் வருமானத்தில் மூன்றில் ஒன்றுக்குக் கீழே போகாது, ஆனால் அந்த நிறுவனம் மூலதனம் திரட்டும் வாய்ப்பு குறைவு. நியூயார்க் சென்ட்ரல் ஆறு முறை மூலதனம் திரட்டலாம், ஆனால் அதன் பங்குதாரர் ஆறில் ஒரு பங்கு வரை இறங்க நேரிடலாம். இடையில் பால்டிமோருக்கு 5, செசபீக்குக்கு 4, கடைசியில் வரும் வாபாஷுக்கு 2. நிறுவனங்களின் குணத்தை அவற்றின் வழித்தடங்களைவிட இந்த எண்களே அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

இனி விரிவாக்கத்துக்கு வருகிறேன். இன்னொரு நிறுவனம் என்றதும் எல்லோரும் வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள்: எங்கிருந்து புறப்படுகிறது, எந்த நகரங்களைத் தொடும், யாருடைய வழியை அடைக்கும் என்று. முதலில் பார்க்க வேண்டியவை அதற்கு எத்தனை பங்குகள், அவை எப்போது ஏலத்துக்கு வருகின்றன என்ற இரண்டும்தான்.

அது தொடக்கத்திலேயே வருவதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். அடிப்படை ஆட்டத்தில் நான்கு தொடக்கப் பங்குகளை, அதாவது நிறுவனத்துக்கு ஒன்றாகத் தொடக்கத்தில் ஏலத்துக்கு வரும் பங்குகளை, 120 டாலர் துரத்துகிறது. மொத்தமும் செலவானால் சராசரி விலை 30. ஐந்து பங்குகள் என்றால் அதே கணக்கில் 24. விலை இறங்குவது ஆடுபவருக்கு நல்லது போலத் தோன்றும், ஆனால் அந்த விலைதான் நிறுவனத்தின் மூலதனம். ஒவ்வொரு நிறுவனமும் குறைந்த மூலதனத்தோடு தொடங்குவதால் முதல் சுற்றில் குறைவான பாதையே அமையும், வருமானம் மெதுவாக ஏறும், முதல் ஈவுத்தொகை சிறுக்கும், அதன்பின் வரும் ஏலங்களில் கையில் இருக்கும் பணமும் குறையும். நால்வர் ஆடும்போது இந்த வறட்சி இரண்டாம் சுற்றுவரை நன்றாகவே உணரப்படும். அதை விரும்பும் குழுக்கள் உண்டு, ஏனென்றால் ஒவ்வொரு டாலருக்கும் எடை கூடுகிறது. தொடக்கத்திலேயே சிகாகோவை நோக்கிப் பாயும் விரைவான ஆட்டத்துக்குப் பழகியவர்களுக்கு இது மந்தமாகத் தெரியலாம்.

ஆடுபவர் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் சுவையானது. ஐவர் ஆடும் அடிப்படை ஆட்டத்தில் தொடக்கப் பங்குகள் நான்குதான். ஆளுக்கொரு பங்கு என்று போனால் ஒருவர் வெறுங்கையோடு நிற்கிறார், ஆனால் அவரிடம் 24 டாலரும் முழுதாக இருக்கிறது. மற்றவர்கள் பணத்தை இழந்திருக்கும் அந்த நேரத்தில் அவர் மிக நல்ல நிறுவனத்தின் அடுத்த பங்கை ஏலத்துக்கு விட்டு, மலிவாக உள்ளே நுழைகிறார். ஐவர் ஆட்டத்தின் முதல் இழுபறி முழுவதும் இந்த வெறுங்கை ஆளைச் சுற்றியே நடக்கிறது. ஐந்தாவது தொடக்கப் பங்கு வந்தால் ஆளுக்கொன்று சமமாகப் போய்விடக்கூடும். எவருக்கும் எவரோடும் பொதுநலன் இல்லாத ஐந்து தனித்தனி நிறுவனங்களாக ஆட்டம் தொடங்கும். இரண்டாவது பங்குகள் விற்கத் தொடங்கும் வரை கூட்டணியே உருவாகாது. இது எனக்கு இழப்பாகவே படுகிறது. அறுவர் ஆடும்போது நிலைமை நேர்மாறு: நான்கு பங்குகளில் இருவர் வெளியே நிற்பதற்குப் பதிலாக ஐந்தில் ஒருவர் மட்டும் நிற்கிறார், ஆகவே கூடுதல் நிறுவனம் அந்த எண்ணிக்கைக்கு மிகப் பொருத்தமானது. மூவர் ஆடும்போது குறைந்தது ஒருவரிடம் இரண்டு பங்குகள் எப்படியும் சேரும் என்பதால் கூட்டணி தொடக்கத்திலேயே சாய்ந்துவிடும்; பழகிய மூவருக்கு அது சவாலாக இருக்கும், புதியவர்களுக்கு எதிர்ப்பே இல்லாத வெற்றியாக முடியும்.

மாறாக, புதிய நிறுவனம் வாபாஷைப் போல இடையில் வருமானால் கேள்வியே வேறு. வாபாஷ் எப்போது வரும் என்பதை சிகாகோவை நோக்கி ஓடும் நிறுவனத்தின் பங்குதாரர்கள் தீர்மானிக்கிறார்கள். அந்த நேரத்தில் கையில் பணம் வைத்திருப்பவர் அதன் பயனை அறுவடை செய்கிறார். சிகாகோவை எட்டிய நிறுவனத்துக்குத் தனி ஈவுத்தொகை உண்டு என்பதால் ஓடுவதற்கும் காரணம் இருக்கிறது, காத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட இன்னொரு இடைக்கால நுழைவு சேர்ந்தால், பணத்தைப் பதுக்கிவைக்கும் உத்தி இரட்டிப்பு வலுப்பெறும். ஆகையால் எந்த நிகழ்வு அதன் நுழைவைத் தூண்டுகிறது, அந்த நிகழ்வு யாருடைய கையில் இருக்கிறது என்று விதிப்புத்தகத்தில் பாருங்கள். ஒரே ஆளின் கையில் இருந்தால் அந்த ஆளுக்கு மேசையில் உள்ள எல்லோரைவிடவும் கூடுதல் வலு கிடைத்துவிடும்.

அடுத்தது செயல்களின் கணக்கு. டயல்கள் மாறாத வரை ஒரு சுற்றில் நடக்கக்கூடிய ஏலங்களும் பாதை நீட்டிப்புகளும் மேம்படுத்தல்களும் அதே எண்ணிக்கைதான். நிறுவனங்கள் கூடினால் அந்தச் செயல்கள் மெல்லியதாகப் பரவும். நான்கு நிறுவனங்கள் இருக்கும்போது எல்லாமே ஓரளவு வளர்கின்றன. ஒன்று கூடும்போது குறைந்தது ஒரு நிறுவனம் யாரும் கவனிக்காமல் தேங்கிப்போகிறது. அந்தத் தேங்கிய நிறுவனத்தின் பங்கை வாங்கியவர் அதை மட்டும் நம்பி ஆடினால் தோற்பார். ஆனால் அதை மலிவாக வாங்கி, பிறரையும் ஒரு பங்கு வாங்க வைத்துவிட்டால், அதே நிறுவனம் இருவர் தள்ளும் நிறுவனமாக விழித்துக்கொள்கிறது. மேலும் இந்த ஆட்டத்தில் ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, டயலை நகர்த்திவிட்டு, எதுவும் செய்யாமல் விடவும் முடியும். ஆட்டத்தின் கடிகாரத்தை வேண்டுமென்றே வேகப்படுத்தும் இந்த உத்தி, நிறுவனங்கள் கூடும்போது இன்னும் கூர்மையாகிறது: முன்னணியில் இருப்பவர் வெறும் நகர்த்தல்களால் சுற்றை முடித்து, புதிய நிறுவனம் வளர்வதற்கு முன்பே ஈவுத்தொகையை வாங்கிவிடலாம்.

ஆட்டம் முடியும் நேரமும் மாறும். மூன்று நிறுவனங்களின் பங்குகள் முழுதும் தீர்ந்துபோவது ஆட்டத்தை முடிக்கும் நிபந்தனைகளில் ஒன்று. பென்சில்வேனியாவும் வாபாஷும் குறைந்த பங்குகள் உள்ளவை என்பதால் அவை இரண்டும் எளிதில் தீரும். மூன்றாவதுதான் வழக்கமாக இழுபறி. குறைந்த பங்குகளோடு இன்னொரு நிறுவனம் வந்தால் அந்த மூன்றாவது இடத்தை அது நிரப்பி, ஆட்டம் எதிர்பாராத வேகத்தில் முடியலாம். விலை குறைந்த பங்குகளைச் சேர்த்து, நீண்ட காலம் ஈவுத்தொகை வாங்கலாம் என்று திட்டமிட்டவருக்கு இது பேரிடி.

எல்லா நிறுவனங்களையும் விட்டு ஈரியைத் தேர்ந்தது ஏன் பொருத்தம் என்பதற்கு வரலாறே விடை தருகிறது. நியூயார்க் மாநிலம் 1832-இல் அனுமதி வழங்கிய அந்த நிறுவனம், 1851-இல் ஹட்சன் ஆற்றங்கரையின் பியர்மாண்டிலிருந்து ஈரி ஏரிக்கரையின் டன்கர்க் வரை பாதையை முடித்தது. அதிபர் மில்லர்ட் ஃபில்மோரே திறப்புப் பயணத்தில் கலந்துகொண்டார். பிற நிறுவனங்களின் பாதைகளோடு ஒட்டாத 6 அடி அகலப் பாதையை அது அமைத்தது. சிகாகோவுக்குத் தன் வழியே போய்ச் சேர 1880-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1868-இல் நியூயார்க் சென்ட்ரலைக் கையில் வைத்திருந்த கார்னீலியஸ் வாண்டர்பில்ட் ஈரியின் பங்குகளையும் வாங்கிக் குவிக்க முயன்றபோது, ஈரியின் இயக்குநர்களாக இருந்த டேனியல் ட்ரூ, ஜே கூல்ட், ஜிம் ஃபிஸ்க் ஆகியோர் கடன் பத்திரங்களைப் பங்குகளாக மாற்றி, அவர் வாங்க வாங்கப் புதிய பங்குகளைச் சந்தையில் கொட்டினார்கள். அவர் கையில் இருந்த பங்குகளின் வலு நீர்த்துக்கொண்டே போனது. நியூயார்க் நீதிமன்றத்துக்கு அஞ்சி அவர்கள் ஹட்சனைக் கடந்து ஜெர்சி சிட்டியில் போய் அமர்ந்துகொண்டதும் பதிவான வரலாறு. போட்டியாளரின் நிறுவனத்தில் ஒரு பங்கை ஏலத்துக்கு விட்டு அவரது ஈவுத்தொகையைக் குறைக்கும்போது மேசையில் நடப்பதும் இதே செயல்தான். வரைபடத்தில் நியூயார்க் சென்ட்ரலுக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு ஓடிய நிறுவனம் அது என்பதால், இவ்விரண்டில் பங்கு வைத்திருப்பவர்களே அதன் வருகையை முதலில் உணர்வார்கள்.

குறுகிய பாதைகள் முற்றிலும் வேறு தன்மையுடையவை. கிழக்கில் அவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு சேர்க்கும் கிளைகளாக இருந்தன. பென்சில்வேனியா மாநிலத்தின் ஈஸ்ட் பிராட் டாப் ரயில் நிறுவனம் 3 அடிப் பாதையில் மலைச் சுரங்கங்களின் நிலக்கரியை மவுண்ட் யூனியனுக்குக் கொண்டுவந்து பென்சில்வேனியா ரயில்வேயிடம் ஒப்படைத்தது. இத்தகைய சிறு பாதைகளை ஓர் ஆட்டத்தில் சேர்க்கும்போது நான் முதலில் தேடுவது பணம் பாயும் திசையை. 1986-இல் அவலான் ஹில் வெளியிட்ட பிரான்சிஸ் ட்ரெஷமின் 1830 என்ற ரயில் ஆட்டத்தில், 20 டாலர் விலையும் 5 டாலர் வருமானமும் உள்ள மிகச் சிறிய தனியார் நிறுவனம் முதல் 220 டாலர் விலையும் 30 டாலர் வருமானமும் உள்ளது வரை ஆறு தனியார் நிறுவனங்கள் உண்டு. அவற்றின் வருமானம் நேரே ஆடுபவரின் கைக்கு வருகிறது. பின்னர், தாம் தலைவராக இருக்கும் பெரிய நிறுவனத்துக்கே அதைக் குறித்த விலையின் இரட்டிப்பு வரை விற்று, நிறுவனத்தின் பணத்தைத் தம் பைக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். அந்த ஆட்டத்துக்கு அது உயிர்நாடி. சிகாகோ எக்ஸ்பிரஸின் இறுக்கமோ, நிறுவனத்தின் இருப்பிலிருந்து கைக்குப் பணம் வரும் கதவு மூடியிருப்பதில்தான் இருக்கிறது. எந்த விரிவாக்கமானாலும் அந்தக் கதவைத் திறந்தால், பங்கு விலைகள் எல்லாம் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டியவை. பிறரோடு பகிர வேண்டாத தனி வருமானம் ஒருவருக்குக் கிடைத்தாலும் கூட்டணியின் தேவை அந்த அளவுக்குக் குறைகிறது.

ஒப்பீட்டுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மார்ட்டின் வாலஸின் 2002-ஆம் ஆண்டு ஆட்டமான ஏஜ் ஆஃப் ஸ்டீமுக்கு எண்ணற்ற விரிவாக்கங்கள் வந்திருக்கின்றன. அவை பெரும்பாலும் புதிய வரைபடங்களும் ஓரிரு விதி மாற்றங்களும்தான். அங்கே ஒவ்வொருவரும் தம் சொந்த நிறுவனத்தையே நடத்துவதால் நிலப்பரப்பு மாறினாலே ஆட்டம் புதிதாகிவிடுகிறது. பங்குகளைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்டத்தில் புது வரைபடத்தைவிடப் புது நிறுவனமே ஆழமான மாற்றம்.

நடைமுறையில் சொல்வதானால், ஈரியையும் குறுகிய பாதைகளையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ஆறு பேர் இருக்கும் நாளில் ஈரியை மட்டும் சேர்த்து ஆடுங்கள். அந்த எண்ணிக்கையில்தான் கூடுதல் பங்குகளுக்கு உண்மையான தேவை இருக்கிறது. தொடக்க ஏலங்களின் விலைகளை ஒரு தாளில் எழுதிவைத்து, அடிப்படை ஆட்டத்தில் உங்கள் குழு வழக்கமாகக் கொடுக்கும் விலைகளோடு ஒப்பிடுங்கள். கூடுதல் நிறுவனம் இருந்தும் விலைகள் பழைய உயரத்திலேயே நின்றால் குழு இன்னும் பழைய கணக்கிலேயே ஏலம் கேட்கிறது என்று பொருள். அப்போது பொறுமையாகக் காத்திருந்து கடைசிப் பங்கை மலிவாக எடுப்பவருக்கே அந்த ஆட்டம் சாதகமாக இருக்கும். இரண்டு, மூன்று ஆட்டங்களில் விலைகள் தாமாகவே இறங்கி ஒரு மட்டத்தில் நிலைபெறும். குறுகிய பாதைகளை அதற்குப் பிறகு சேர்த்தால் போதும், அதுவும் நால்வர் இருக்கும் நாளில்.